பதினேழாம் எண்ணுக்கு இரண்டு பேர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் கதைக்குக் கோபம் வந்துவிடும். கதவை ஒருக்களித்துவிட்டுக் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு பெரிய பொய்க்குள் போய் மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை இது. இன்றைக்கு அவளுக்கு விடிந்த நாள் சாதாரண நாள் அல்ல.

போன வாரம் விட்ட இடம் மறந்துபோயிருந்தாலும் பாதகமில்லை. நான் எதற்கு இருக்கிறேன்?

நம் பெண்ணுக்கு வீட்டில் முந்திரி என்று பெயர். யாராவது கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள் என்று சின்ன வயதில் முந்திரிக்கொட்டை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளாவட்டத்தில் கொட்டை உதிர்ந்து முந்திரி மட்டும் நின்றுவிட்டது. அப்பா தபால்காரர். அம்மா, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எட்டாம் வகுப்புவரை முந்திரி தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு, மூன்று மாடியும் நான்கு படிக்கட்டும் உள்ள பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு வந்தாள். அதில் ஓர் இடம் கிடைக்க அம்மா நாலு தடவை வரிசையில் நின்றாள்.

திங்கட்கிழமை, முதல் நாள். கையிலிருந்த சீட்டில் ‘ஒன்பது, அ பிரிவு, எண் 17’ என்று போட்டிருந்தது.

புதுப் பிள்ளைகள் முதல் நாளில் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? எல்லாப் புத்தகத்தையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். தாகத்தில் நாக்கு வறண்டாலும் குழாய் எங்கே என்று கேட்கமாட்டார்கள். யாராவது சிரித்தால், எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். முன்னால் போகிறவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். முன்னால் போகிறவளுக்கும் வழி தெரியாது.

அப்படித்தான் ஒரு கும்பலோடு போய் முந்திரி ஒரு வகுப்பில் உட்கார்ந்தாள். வகுப்பின் பெயர் வாசலோரச் சுவரில் எழுதியிருந்தது. திறந்து கிடந்த கதவு அதை மறைத்திருந்தது. வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். முகம் பதியும்வரை பெயர் எதற்கு என்று எண்ணை மட்டுமே கூப்பிடுவது அவர் வழக்கம்.

“பதினேழு.”

யாரும் எழவில்லை.

“பதினேழு! காதுல என்ன?”

முந்திரி எழுந்து, “உள்ளேன் டீச்சர்” என்றாள். அதில் என்ன பொய்? அவள் எண் பதினேழு, அவள் அங்கே இருந்தாள்.

சாயங்காலம் கதவைச் சாத்தியபோதுதான் சுவரைப் பார்த்தாள். ஒன்பது, இ பிரிவு. அந்தப் பிரிவின் உண்மையான பதினேழு அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தலையை எண்ணிப் பார்த்தால் கணக்கு கச்சிதமாக இருந்தது.

மறுநாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனாள். அதற்குள் வழி தவறி வந்த வேறொரு பெண்ணை டீச்சர், “ஒன்பதாங்கிளாஸ் வந்தாச்சு, சுவத்துல இருக்கறதைப் படிக்கத் தெரியாதா?” என்று கேட்டு வெளியே அனுப்பினார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் முந்திரிதான். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? புலிவாலைப் பிடித்தாகிவிட்டது. விட்டால் கடிக்கும், பிடித்திருந்தால் கை வலிக்கும்.

நாலு நாள் ஓடியது. வியாழக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒன்பது அ பிரிவு, எண் 17, இதுவரை பள்ளிக்கு வரவில்லை. பெற்றோருக்குக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. கடிதத்தின் அடிச்சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால், இடம் காத்திருப்போருக்கு வழங்கப்படும்.

அந்தத் தாளுக்கு முன்னால்தான் போன வாரம் அவளை நிற்க வைத்துவிட்டு வந்தோம். இப்போது வெள்ளிக்கிழமை காலை.

அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளொன்றுக்கு முந்நூறு விரிப்புகளைத் தேய்க்கிற கை, வீட்டில் இந்த ஒரு பாவாடைக்கு மட்டும் மெதுவாகப் போகும்.

“நேத்து பாதியில நிறுத்திட்டே,” என்றாள். “அந்தக் கொட்டாவி டெஸ்க் மேலயே தூங்கிட்டா. கடிகார டீச்சர் பக்கத்துல வந்து நின்னாங்க. அப்புறம்?”

கொட்டாவி என்பது முந்திரியின் பெஞ்ச்காரி. முதல் நாள் முதல் மணியிலேயே கொட்டாவி விட்டுப் பெயர் வாங்கியவள். கையைத் திருப்பித் திருப்பி நேரம் பார்க்கிற வகுப்பு டீச்சருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

“அப்புறம் ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லன்னு நான் அங்க போய்ச் சொல்ல முடியுமா? எட்டுப் பேர் காத்திருக்காளுங்கடி. மடிப்பு மேஜைக்காரி, ‘உன் பொண்ணு பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுல இருந்து என் முதுகுவலி எங்க போச்சுன்னே தெரியல’ங்கறா.”

இதுதான் முந்திரியின் கழுத்தை இறுக்கிய இன்னொரு கயிறு. தினமும் மாலையில் அம்மா அவளை உட்காரவைத்துக் கதை கேட்பாள். மறுநாள் சலவைக்கூடத்தில், ஆவிக்கும் இரைச்சலுக்கும் நடுவில், அதை எட்டுப் பேருக்குச் சொல்வாள். சொன்னதெல்லாம் நடந்ததுதான். நடந்த இடம்தான் அவள் இடமில்லை.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முந்திரி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, இன்னிக்கு நமக்கு லெட்டர் வந்தா…”

“நமக்கு யாரு எழுதப் போறா?”

“வந்தா, வழியிலேயே பிரிச்சுப் பாத்துடுங்களேன்.”

அப்பா சிரித்தார். “பை காலியாகி, இந்தச் சட்டையைக் கழட்டினாத்தான் நான் இந்த வீட்டு ஆளு. அதுவரைக்கும் தபால்காரன். தபால்காரன் அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கலாமா?”

“உங்க பேருக்குத்தானே வரும்?”

“அந்த ஆளு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. குடுத்துடறேன்.”

“பத்தொம்பது வருஷமா இதே பாட்டு!” என்றாள் அம்மா, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்து. “எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்த சேதி காலையில இவர் பையில ஏறுச்சு. ஊரெல்லாம் சுத்திட்டு சாயங்காலம்தான் எங்கிட்ட வந்துச்சு. வழியில நிக்கறவங்க கேட்டா மட்டும் கையில எடுத்துக் குடுப்பாரு.”

“அவங்க கேக்கறாங்க. வீட்டு ஆளு நேர்ல நின்னு கேட்டா, எனக்கு ஆளைத் தெரிஞ்சிருந்தா குடுக்கலாம். அது சட்டம். கேக்காதவங்களுக்கு நானாப் பிரிச்சுப் படிக்கறது சட்டமில்ல.”

கடைசி மணி நாலுக்கு. அப்பா சட்டையைக் கழற்றுவது ஐந்துக்கு. நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் இடம் போய்விடும். இப்போது சொல்லிவிடலாம், இதோ, இந்த நிமிஷம்.

“அம்மா…”

அம்மா சூடு ஆறாத பாவாடையை அவள் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். மடிப்பை நீவிவிட்டாள். “நாங்க ஒம்பது பேருல எவளும் எட்டாங்கிளாஸைத் தாண்டல. எங்க எல்லாருக்கும் சேத்து ஒன்பதாங்கிளாஸ் நீதான்டி போறே. என்னமோ சொல்ல வந்தியே?”

“நேரமாச்சும்மா.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

வகுப்பில் கொட்டாவி அவளுக்காக இடம் போட்டு வைத்திருந்தாள்.

“என்னடி பதினேழு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா பாதிப் பங்கு எனக்குக் குடு. நானும் ஒண்ணுமில்லாமதான் வந்திருக்கேன், வீட்டுப்பாடத்தைச் சொல்றேன்.”

முந்திரிக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் வேதனை. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒருத்தி அவளுக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தவள் இன்னொருத்தியின் இடத்தில் கிடைத்தாள்.

கடிகார டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார். பதினொன்று கூப்பிடும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையில் ஒரு சீட்டு. தோளிலிருந்து பை வழுக்கிக்கொண்டே இருந்தது, தூக்கிவிட இன்னொரு கை இல்லை. உள்ளே வரலாமா என்று கேட்க வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

“பதினாறு.”

“உள்ளேன் டீச்சர்.”

“பதினேழு.”

“உள்ளேன் டீச்சர்.” நாலு நாள் பழக்கம். முந்திரியின் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அதே நொடியில் வாசலிலிருந்தும் ஒரு குரல் வந்தது. “உள்—” என்று ஆரம்பித்து அப்படியே விழுங்கப்பட்ட குரல். மாவுக்கட்டுப் பெண் முந்திரியைப் பார்த்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். சுவரில் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

நான் இருந்திருந்தால், ‘அடியே, அது என் நம்பர்’ என்று கத்தியிருப்பேன். நீங்களும் கத்தியிருப்பீர்கள். அவள் புதுப் பெண் அல்லவா? தப்பு யாருடையது என்று தெரியாவிட்டால் தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொள்கிற வயது. ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோரடி. பிறகு வாசலில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

“பதினெட்டு,” என்றார் டீச்சர்.

“யாருடி அது? வழி தெரியாத கேஸா?” என்றாள் கொட்டாவி. முந்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாடவேளை முழுதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் மணி அடித்ததும், முகம் கழுவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர்க்குழாய்ப் பக்கம் பார்த்தாள். நூலகத்து வாசலில் பார்த்தாள். பின்பக்கப் படிக்கட்டில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த திருப்பத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இங்க ஏன் உக்காந்திருக்கே?”

“தோ, போயிடறேன்,” என்று எழுந்தாள் அவள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் போல.

“இல்ல, இல்ல. உக்காரு. கையில என்ன?”

“பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முதல் நாள் படியில விழுந்துட்டேன். நாலு நாள் லேட்டு. அதுக்குள்ள என் நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.” மூக்கை மாவுக்கட்டிலேயே துடைத்துக்கொண்டாள். “மாமா வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் கூட்டிட்டுப் போக வருவாரு. அதுவரைக்கும் இங்க இருந்துட்டுப் போறேன்.”

“வீட்டுல என்ன சொல்லுவே?”

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன்.”

“திங்கட்கிழமை?”

“திங்கட்கிழமையும் இங்க வந்து உக்காந்துக்குவேன்,” என்றாள் அவள், வெகு நாள் யோசித்து முடிவெடுத்தவள் மாதிரி. “இங்க யாரும் வர்றதில்ல.”

முந்திரிக்குத் தன் முகத்தைத் தானே எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது. தான் மாட்டிக்கொண்டு நிற்பதை அவள் பொறுத்துக்கொண்டாள். தன்னால் இன்னொருத்தி உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் வருஷம் முழுதும் உட்காரத் தயாராகிவிட்டதைப் பொறுக்க முடியவில்லை.

“அது நான்தான்,” என்றாள்.

“எது?”

“பதினேழு. உன் நம்பரை யாருக்கும் குடுக்கல. நான்தான் தெரியாம வந்து உக்காந்துட்டேன். பையைக் குடு, நான் தூக்கிட்டு வரேன். எந்திரி.”

அவள் எழுந்திருக்கவில்லை. “உன்னைத் திட்டமாட்டாங்களா?”

“திட்டுவாங்க. சீக்கிரம் எந்திரி, இல்லன்னா எனக்குப் பயம் வந்துடும்.”

இருவரும் வகுப்புக்குள் நுழைந்தபோது கடிகார டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முந்திரி சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. முதல் நாள், கதவு, சுவர், எண் என்று எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அதைத் தொட்டு இன்னொருத்தி. பிறகு வகுப்பே சிரித்தது. செவ்வாய்க்கிழமை அவள் கடன் கொடுத்த சிரிப்பு வட்டியோடு திரும்பி வந்தது.

கொட்டாவி மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப நீ யாரு?” என்று கேட்டாள்.



டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். முந்திரி அடிக்குத் தயாராகிறவள்போலத் தோளைக் குறுக்கினாள். டீச்சரோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தார், எண்ணைத் தேடவில்லை.

“உன் பேரு என்ன?”

ஐந்து நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. முந்திரி சொன்னாள். குரல் சரியாக வராததால் இரண்டாம் தடவையும் சொன்னாள்.

டீச்சர் கையைத் திருப்பி நேரம் பார்த்தார். “அந்த நோட்டீஸ்ல இருந்தது நீயா? அடக் கடவுளே. ஓடு, ஆபீசுக்கு ஓடு!” என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தார்.

அலுவலகத்தில் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அஞ்சு நாள் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்துட்டு அஞ்சு நாள் ஆப்சென்ட்டா? இப்படி ஒண்ணை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. சரி, டீச்சர் எழுதிக் குடுத்திருக்காங்க, நம்பறேன். ஆனா அடிச்சீட்டு வேணும். அது கடிதத்தோட போயிடுச்சு, எண் போட்ட சீட்டு, வேற கிடையாது. அம்மா எங்க வேலை செய்யறாங்க?”

“ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. ஷிப்டு முடியற வரைக்கும் வெளியில விடமாட்டாங்க மேடம்.”

“அப்பா?”

“தபால்காரர். அந்தக் கடிதம் அவர் பையிலதான் இருக்கும். தினமும் மூணு இருபதுக்கு இங்க தபால் குடுக்க வருவாரு.”

“அப்ப வெளியில உக்காரு. மணி அடிச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. காத்திருக்கறவங்களுக்கும் நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

வெளியே நீள பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மாவும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் இதே பள்ளியின் சீருடையில் இருந்தாள், புத்தம் புதிய, இன்னும் ஒரு தடவைகூட நனையாத துணி. மடியில் ஒரு தகரப் பென்சில் பெட்டி. முந்திரி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நீயும் இடத்துக்குத்தான் காத்திருக்கியா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஆமா,” என்றாள் முந்திரி. அதுவும் பொய் இல்லை.

“நான் பட்டியல்ல முதல் ஆளு. யாரோ ஒரு பொண்ணு நாலு நாளா வரவே இல்லையாம். இன்னிக்கும் வரலைன்னா எனக்குத்தான்.” குரலைத் தாழ்த்தினாள். “அவ வராம இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு என்னவோன்னு அம்மா சொன்னாங்க. பாவம்ல?”

முந்திரி தரையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாராவது ஒருவரின் இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது.

மூன்று இருபது. வாசலில் சைக்கிள் மணி கேட்கவில்லை.

அப்பா வரும் நேரத்தை வைத்து அந்தத் தெருக்காரர்கள் கடிகாரம் திருத்துவார்கள். மூன்று முப்பது. மூன்று நாற்பது. அந்தப் பெண் பென்சில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். மறுபடி திறந்தாள். அவளுடைய அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காததுபோல் இருப்பதுமாக இருந்தாள்.

மூன்று ஐம்பதுக்கு மணிச் சத்தம் கேட்டது. அப்பா சட்டையெல்லாம் வியர்வையாக வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு இரண்டு வீட்டுக் கடிதங்களை மாற்றிக் கொடுத்து, திரும்பப் போய் வாங்கி, சரியாகச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். கவனம் அவரிடம் இல்லை. காலையில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போதே, பள்ளி முத்திரை போட்ட ஒரு கவரைப் பார்த்திருந்தார். மேலே அவர் பெயரே இருந்தது. அதைக் கட்டின் அடியில், கடைசி வீடாக வைத்துக்கொண்டு நாள் முழுதும் சுமந்திருந்தார். ஒரு கவர் என்ன கனம் இருக்கும்? அன்றைக்கு அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பெஞ்சில் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதற்குள் தலைமையாசிரியை கதவுக்கு வந்துவிட்டார்.

“நீங்கதான் இந்தப் பொண்ணோட அப்பாவா? உங்க பையில எங்க கடிதம் ஒண்ணு இருக்கணும். பிரிச்சு, அடிச்சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எட்டு நிமிஷம்தான் இருக்கு.”

அப்பாவின் கை பைக்குள் போனது, பாதியில் நின்றது. “அம்மா… இருக்கு. காலையிலயே பாத்தேன். ஆனா நான் டூட்டியில இருக்கேன். இன்னும் மூணு தெரு பாக்கி. இதை நானா எடுத்துப் பிரிக்கறது…” ஊர்க்காரர்கள் அவரை நம்பி எத்தனையோ ஒட்டிய கவர்களைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எந்த இடத்தில் கிழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. “என் சட்டை…” என்றார்.

“உங்க சட்டையா முக்கியம்?” என்றார் தலைமையாசிரியை.

பெஞ்சிலிருந்த பெண் முந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வைக்கு முன்னால் முந்திரிக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. எழுந்தால் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எழாவிட்டால், நாலு தடவை வரிசையில் நின்ற அம்மா, ஆவியில் வெந்துகொண்டே கதை கேட்கும் எட்டுப் பேர்…

முந்திரிக்கொட்டை எழுந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் பேசினாள். ஐந்து நாளில் முதல் தடவை அவள் அவளாக இருந்தாள்.

“தபால்காரரே, எங்க வீட்டுக்கு லெட்டர் இருக்கா?”

அப்பா அவளைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது.

“எந்த வீடு?” என்றார். தபால்காரரின் குரல்.

முந்திரி வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னாள்.

“நீங்க அந்த வீட்டு ஆளா?”

“ஆமா.”

“ஆளைத் தெரியும்,” என்று தலைமையாசிரியையிடம் சாட்சிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கட்டின் அடியிலிருந்து கவரை உருவி அவள் கையில் கொடுத்தார். “பிடிங்க.”

அவள் கவரைப் பிரித்தாள். சத்தமாகப் படித்தாள். ‘தங்கள் மகள் பள்ளி திறந்த நாள் முதல் இதுவரை வகுப்புக்கு வரவில்லை’ என்ற வரியில் குரல் உடைந்தது. படித்துக்கொண்டே நடுநடுவே சொன்னாள்: கும்பலை, கதவை, சிரித்ததை, மாவுக்கட்டுப் பெண்ணை. ஐந்து நாளாகத் தொண்டையில் நின்றதை, அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லி முடித்தாள்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். பெயர் முழுவதையும், ஓர் எழுத்தும் சாயாமல், அடிச்சீட்டில் எழுதினார். கடைசிப் புள்ளி வைத்து நிமிர்ந்தபோது நாலு மணி அடித்தது.

“அஞ்சு நாளா தப்பான விலாசத்துல இருந்திருக்கே,” என்றார் மெதுவாக. “எங்க ஆபீசுல அதைக் கிழிச்சுப் போடமாட்டோம். சரியான வீட்டுக்குத் திருப்பி விடுவோம்.” பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டார். “மூணு தெரு பாக்கி. அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்.”

முந்திரி திரும்பிப் பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. வாசலைத் தாண்டி, புதுச் சீருடைப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பென்சில் பெட்டி மட்டும் பெஞ்சிலேயே இருந்தது. முந்திரி எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். தெரு முழுக்க ஒரே மாதிரி சீருடைகள், எது அவள் என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெயர், அதற்குக் கீழே, ‘ஒன்பதாம் வகுப்பு’ என்று எழுதி, பிரிவுக்கும் எண்ணுக்கும் இடம் விட்டிருந்தது.

அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா முந்தி வந்துவிட்டிருந்தாள். முகத்தைக்கூடக் கழுவாமல், நெற்றியில் ஆவி படிந்த முடியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“வாடி, வா! மடிப்பு மேஜைக்காரி இன்னிக்கு பஸ் ஏறப் போனவ திரும்பி வந்து கேக்கறா. நாளைக்கு ஒண்ணு விடாம சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.” அம்மா படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். “உக்காரு. கொட்டாவி தூங்கினா, டீச்சர் வந்து நின்னாங்க. அப்புறம்?”

முந்திரி உட்கார்ந்தாள். மடியில் பை. பைக்குள் பென்சில் பெட்டி லொடலொடவென்றது.

“அம்மா,” என்றாள், “அது என் கிளாஸே இல்லம்மா.”

அம்மாவின் கை பாதித் தட்டலில் நின்றது.

அது அப்படியே நிற்கட்டும், கண்ணுகளா. நீங்கள் எழுந்து போய் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடப் பையை எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த வாசலிலும் தங்கள் பெயரைச் சொல்லக் குரல் வரட்டும். அவர்கள் சொல்ல வந்ததைக் கேட்க உங்களுக்கு ஒரு நிமிஷம் எப்போதும் மிச்சமிருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் நல்ல சேதியாக, நேரத்துக்கு வந்து சேரட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், வந்தவர்க்கெல்லாம் உட்கார இடமிருக்கிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.